துரை பங்களாவின் நாற்காலிகள்

சந்தேகப்படும் குணம் எனக்கு அத்தையிடமிருந்து வந்தது. அப்பாவின் அக்கா அவர். ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த மாமா இறந்த பிறகு, ஒரு தகரப் பெட்டியையும் ஒரு மாதா படத்தையும் தூக்கிக்கொண்டு சுங்கை பட்டாணியில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த பிறகுதான் பால்காரர் தண்ணீர் கலப்பதும், ரொட்டி பாய் நேற்றைய ரொட்டியை இன்றைக்கு விற்பதும், பங்குச் சாமியார் சனிக்கிழமைகளில் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டுப் படம் பார்க்கப் போவதும் எங்களுக்குத் தெரிய வந்தன. இவற்றில் ஒன்றுகூட நிரூபணமாகவில்லை. ஆனால் நிரூபணத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை அத்தைக்குக் கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் காத்திருந்தார். அது அம்மா சம்பந்தப்பட்டது.

அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பினாங்கில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் வளர்ந்தவர். சாமியார் மூலமாகத்தான் அப்பாவுக்குப் பேசி முடித்தார்கள். அம்மா பள்ளிப் படிப்பை முடித்ததற்கும் கல்யாணத்துக்கும் நடுவில் சில வருடங்கள் இருந்தன. அந்த வருடங்களில் எங்கே இருந்தாய் என்று கேட்டால், கன்னியாஸ்திரிகளோடு இருந்து சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தேன் என்பார். அத்தைக்குப் பினாங்கில் ஒரு சிநேகிதி இருந்தார். அந்தச் சிநேகிதியின் மகள் அதே விடுதியில், அதே வருடங்களில் தையல் படித்தவள். அப்படி ஒரு டீச்சர் அங்கே இருந்ததே இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அத்தைக்கு இது பல்லிடுக்கில் சிக்கிய நார்தான். நாக்கு சும்மா இருக்க மாட்டேனென்றது.

அப்பாவிடம் அவர் இதைச் சொல்லவில்லை. அப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரசர். கட்டுப் போடுவார், ஊசி போடுவார், யார் என்ன சொன்னாலும் நம்புவார். வயிற்றுவலி என்று பொய் சொல்லி லீவு கேட்டு வரும் பையன்களுக்குக்கூட மருந்து கலந்து கொடுப்பவர். அவரிடம் வெறும் சந்தேகத்தைக் கொண்டுபோய்ப் பிரயோஜனமில்லை, முழு விவரத்தோடுதான் போக வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. ஒருநாள் பக்கத்துவீட்டு அம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"எங்க இருந்தான்னு தெரிய வரட்டும். அப்புறம் இவ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்த வீட்ல உக்காருறான்னு பாக்கிறேன்."

அம்மாவை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நான் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

இந்த நிலைமையில்தான் ஒரு பள்ளி விடுமுறையின்போது, சாயந்திரத் தேநீரைக் குடித்துக்கொண்டே அப்பா அந்தச் செய்தியைச் சொன்னார். சிடாம் கிரி பக்கத்தில் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவை யாரோ பினாங்குத் தவுக்கே, ஒரு சீன முதலாளி, வாங்கி ஹோட்டல் ஆக்கியிருக்கிறாராம். நாம் எல்லோரும் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்றார்.

எங்கள் குடும்பத்தில் விடுமுறை என்றால் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழா. அங்கேயும் படுக்கப் பாயும், தின்னத் தூக்குச்சட்டியில் புளிச்சோறும் எடுத்துக்கொண்டுதான் போவோம். ஹோட்டலில் தங்குவது என்பது வெள்ளைக்காரர்களும் படத்தில் வருகிறவர்களும் செய்கிற காரியம். அதுவும் ஊருக்கு வெளியே அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில்.

"கேமரன் மலைக்குப் போவாங்க, பினாங்குக்குப் போவாங்க. கொல்லப்பக்கத்துல இருக்கிற எஸ்டேட்டுக்கு யாராச்சும் ஹாலிடே போவாங்களா லா?" என்றார் அத்தை.

ஒரு மாறுதலுக்குத்தான் என்றார் அப்பா. அவர் அதைச் சொன்னபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பினாங்கு மலை ரயிலில் ஒருமுறை ஏற வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது போகாமல் இருப்பதற்குக் காரணம் தேட ஆரம்பித்தார். கோழிகளுக்கு யார் தீனி போடுவது என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தப்பிவிடும் என்றார். எனக்கு இருமல் என்றார். எனக்கு இருமலே இல்லை. அப்பா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கோழிகளைப் பக்கத்துவீட்டில் பார்த்துக்கொள்வார்கள், சனிக்கிழமையே திரும்பிவிடுவோம், இருமலுக்கு மருந்து எடுத்துக்கொள்வோம். இல்லாத இருமலுக்கு எனக்கு இரண்டு வேளை மருந்து கொடுக்கப்பட்டதுதான் மிச்சம்.

அன்று இரவே அத்தை என்னைக் கூப்பிட்டார். தகரப் பெட்டியில் அவர் அசாம் போய் என்ற தின்பண்டம் வைத்திருப்பார். உப்பும் புளிப்பும் இனிப்புமாக உலர்ந்த பிளம். அதற்காக நான் எதையும் செய்வேன் என்பது அவருக்குத் தெரியும். கண்ணைத் திறந்து வைத்துக்கொள், அங்கே உன் அம்மா என்ன செய்கிறாள் என்று பார்த்து எனக்கு வந்து சொல், ஒரு சங்கதிக்கு ஓர் அசாம் போய் என்று பேசி முடித்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது. பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்கு எப்போதுமே தோன்றிக்கொண்டிருந்தது. இப்போது அதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு பதவியே கிடைத்துவிட்டது.

அப்பாவின் பழைய மோரிஸ் காடியில் புறப்பட்டோம். ரோட்டுக்கு இருபுறமும் ரப்பர் மரங்கள். வெயில் தரையில் இறங்காத நிழல். அந்த நிழலில் அம்மா கைப்பையிலிருந்து அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கண் வலிக்கிறதாம். சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். மடியில் செபமாலை உருண்டுகொண்டிருந்தது. அத்தை என் தொடையில் மெல்லக் கிள்ளினார். பார்த்துவிட்டேன் என்று நானும் தலையாட்டினேன்.

பங்களா ஒரு சின்ன மேட்டின் மேல் இருந்தது. வெள்ளைத் தூண்கள், சிவப்பு மெழுகு தேய்த்த அகலமான முன்படிகள், எதிரே வெட்டிச் சீவிய புல்தரை. புல்தரையில் குடை விரித்து, பட்டர்வொர்த் விமானத் தளத்து வெள்ளைக்காரர்கள் சிலர் மனைவிமாரோடு உட்கார்ந்திருந்தார்கள். தவுக்கே அந்த வீட்டில் எதையும் மாற்றவில்லை. துரை சாப்பிட்ட மேசை, துரை படுத்த கட்டில், சாப்பாட்டுக்கு அடிக்கிற கோங், காலையில் படுக்கைக்கே வரும் தேநீர் எல்லாம் அப்படியே இருந்தன. துரை எப்படி வாழ்ந்தார் என்று இரண்டு நாள் வாழ்ந்து பார்ப்பதற்குத்தான் ஆட்கள் அங்கே வந்தார்கள்.

அப்பா காடியை முன்வாசலில் நிறுத்தினார். அத்தை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். நான் பின்னால் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. தூக்குச்சட்டியை இடுக்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் போய்விட்டிருந்தார். நடையில் தயக்கமே இல்லை. வழி தெரிந்தவர் நடக்கிற நடை.

"அங்க இல்ல," என்று கூப்பிட்டார் அப்பா. "இந்தப் பக்கம் வா."

அம்மா நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்து, எங்களுக்குப் பின்னால் படியேறினார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். அந்தக் காலத்தில் துரை பங்களாவின் முன்படியில் நம் ஆட்கள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். கிராணியானாலும் கங்காணியானாலும் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலில்தான் நிற்க வேண்டும். அத்தை மூக்கைச் சுளித்து, தோட்டத்துப் பழக்கம் போகுமா என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துவிட்டு அப்படியே நின்றார். அம்மா பினாங்கு டவுனில், மதில் சுவருக்குள் வளர்ந்தவர் ஆயிற்றே, அவருக்குத் தோட்டத்துப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி அத்தையின் முகத்தில் ஏறுவதை நான் பார்த்தேன்.

மேலே ஒரு வயதான பட்லர் நின்றிருந்தார். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு. ஒரு காலைச் சாய்த்து நடந்தார், கணுக்காலில் புதுக் கட்டு. "வாங்க டிரசரய்யா," என்றார். பிறகு தரையைப் பார்த்தபடியே, "அம்மாவும் வாங்க," என்றார். அப்பா இன்னும் யாரென்றே சொல்லவில்லை. இவருக்கு எப்படித் தெரியும் என்று அத்தையின் காதில் கேட்டேன். அப்பாவின் ஊசி இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஏறியிருக்கிறது, அது ஒன்றும் சங்கதி இல்லை என்று அத்தை தள்ளிவிட்டார். அதற்கு அசாம் போய் கிடைக்கவில்லை.

முதல் அசாம் போய் கொசுவலையால் கிடைத்தது. எங்கள் வீட்டில் அம்மா காலையில் கொசுவலையைக் கட்டுவதில் ஒரு முறை வைத்திருந்தார். வலையைச் சேர்த்து முறுக்கி, கொண்டை போலச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிடுவார். குவார்ட்டர்ஸில் வேறு எந்த வீட்டிலும் அப்படிக் கிடையாது. எல்லோரும் வலையைத் தூக்கிக் கம்பி மேல் போட்டுவிடுவார்கள். இங்கே எங்களுக்குக் கொடுத்த இரண்டு அறைகளிலும் எல்லாக் கட்டில்களுக்கு மேலும் கொண்டை தொங்கியது. அம்மா, நம்ம வீட்டுக் கொண்டை என்று கத்தினேன். அம்மா அவசரமாக வந்து, பட்டப்பகலில், கைக்கு எட்டிய கொண்டையை உருவி அவிழ்த்துவிட்டார். சொன்னவுடன் அத்தை பெட்டியைத் திறந்தார்.

இரண்டாவது சங்கதி இன்னும் நல்லது. அறைகளிலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போகும் நடையில் பலகைத் தரை. அதில் ஒரு பலகை மிதித்தால் பூனையை மிதித்தது மாதிரி கத்தும். முதலில் அத்தை மிதித்தார், பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்பா மிதித்தார். நான் வேண்டுமென்றே பலமுறை மிதித்தேன். அம்மா மட்டும் மிதிக்கவில்லை. தரையைப் பார்க்காமல், எதையோ யோசித்துக்கொண்டே நடந்து வருவார். அந்த இடம் வந்ததும் கால் தானாக ஒதுங்கி அடுத்த பலகையில் விழும். கதவு இடுக்கில் நின்று நான் பார்த்தேன். போகும்போதும் ஒதுங்கினார், வரும்போதும் ஒதுங்கினார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இந்த வீட்ல அவ இருந்திருக்கா," என்றார். பிறகு எனக்குச் சொல்வது மாதிரி இல்லாமல், "யாரு கூடன்னுதான் தெரியணும்."

கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது என்று நினைத்து, எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். அப்பாவோடு இல்லை, அப்பா பலகையை மிதித்தார் என்றேன். நல்ல துப்பறியும் வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தையின் முகம் அதைக் கேட்டு இறுகிப்போயிற்று. இரண்டு அசாம் போய் எடுத்துக் கொடுத்தார், என்னைப் பார்க்காமலே. இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் வைத்து, உங்கப்பா முன்னாலேயே கேட்டுவிடுகிறேன் என்றார். அப்போதுதான் வேலியோரத்தில் கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது. அம்மாவை அனுப்பிவிட்டால் என் தலையை யார் பின்னிவிடுவார் என்று யோசித்தேன். அசாம் போய் வாயில் புளித்துக்கொண்டே இருந்தது.

அம்மா பகல் முழுக்க அறையைவிட்டு வெளியே வரவில்லை. தலைவலி என்றார். கட்டிலில் படுக்கவும் இல்லை, விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புல்தரையில் தேநீர் குடிக்கலாம் என்று அப்பா வந்து கூப்பிட்டார், தோட்டத்தைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அப்பாவை அவர் பார்த்த பார்வையில் எனக்குப் பழக்கமான ஒன்று இருந்தது. அது சந்தேகம். அத்தையிடமும் என்னிடமும் இருந்தது எப்படி அம்மாவுக்கும் தொற்றியது என்று ஆச்சரியப்பட்டேன். அப்பாவும் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தார். சமையல்கட்டுப் பக்கம் போய் பட்லரோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் போனதும் இருவரும் காலில் போட்ட கட்டைப் பற்றிப் பேசுவதுபோல் மாற்றிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அன்று ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது கத்துகிற அந்தப் பலகை ஒன்றுதான்.

பொழுது சாய்ந்ததும் கோங் அடித்தார்கள். சாப்பாட்டு அறையில் நீளமான மேசை, மேலே வெள்ளை விரிப்பு, ஆளுக்கு எத்தனையோ கரண்டிகள். மற்றவர்கள் வராந்தாவில் பீர் குடித்துக்கொண்டிருந்ததால் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். அத்தை மூத்தவர் என்ற முறையில் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அவர் பக்கத்தில் இடம். அப்பா ஜன்னலோரத்தில் உயரமான முதுகு வைத்த ஒரு நாற்காலியை வெளியே இழுத்தார். அப்பா யாருக்காகவும் நாற்காலி இழுத்து நான் பார்த்ததில்லை. அம்மா வந்து அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அதன் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. பட்லர் சூப் பாத்திரத்தோடு கதவோரத்தில் காத்து நின்றார்.

அத்தை அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நீ இந்த வீட்டுக்கு முன்னாடி வந்திருக்கே. இல்லன்னு சொல்லு பாப்போம்," என்றார்.

அம்மா அத்தையைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா அவசரப்படவில்லை. வெள்ளைத் துணியைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டார். ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளிகளிடம் பேசுவாரே, அதே குரலில் சொன்னார்.

"வந்திருக்கா அக்கா. நான் இவள மொதமொதல்ல பாத்ததே இந்த ரூம்லதான். நான் அந்தக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். இவ இந்த நாற்காலிக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தா."

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "இன்னைக்கு உக்காரு," என்றார்.

அம்மா மெதுவாக நாற்காலியைச் சுற்றி வந்து உட்கார்ந்தார், அது தாங்குமா என்று பார்ப்பவர்போல. பட்லர் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். மூத்தவருக்குத்தான் முதலில் என்று அத்தை தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பட்லர் அவரைத் தாண்டிப் போய், அம்மாவின் இடப்பக்கம் குனிந்து, அம்மாவுக்கு முதலில் ஊற்றினார். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மோவாயில் தொங்கியது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

அத்தை இதுபோன்ற சமயங்களில் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருப்பவர். நான் அதற்காகக் காத்திருந்தேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நகர்த்தி வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சூப்பு ஆறுது. சாப்புடு," என்றார்.

அவ்வளவுதான். யாரும் யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதே நேரம் ஏமாற்றமாகவும் இருந்தது. இத்தனை துப்புக் கொடுத்தும் கடைசியில் என்ன கண்டுபிடித்தோம்? அம்மா இந்த வீட்டில் ஒருநாள் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதானே.

மீதியை அம்மா எனக்குச் சொன்னது அத்தை இறந்து சில வருடங்களுக்குப் பிறகு. நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பேருமாகக் கொசுவலையைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தோம். படிப்பு முடிந்த பெண்களைக் கன்னியாஸ்திரிகள் வெள்ளைக்காரர் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புவது அப்போது வழக்கமாம். அம்மாவை அந்தத் தோட்டத்துத் துரையின் பிள்ளைக்கு ஆயாவாக அனுப்பினார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது, ஆயா வேலை பார்த்தவள் என்றால் நல்ல இடம் தட்டிப்போகும், தையல் டீச்சர் என்று சொல் என்று அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க அம்மாவுக்குத் துணிவு வரவில்லை. போதாததற்கு, பெரிய கிராணியின் மனைவியான அத்தையும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அப்போது பக்கத்துத் தோட்டத்தில் டிரசர். இந்தத் தோட்டத்து டிரசர் லீவில் போயிருந்த ஒரு நாளில், துரைசானிக்குக் காய்ச்சல் என்று அவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். பின்வாசல் வழியாக வந்தவரை, துரையின் சாப்பாடு முடியட்டும் என்று சமையல்கட்டில் நிற்க வைத்தார்கள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஊட்டிவிட்டுக்கொண்டிருந்த பெண்ணை அவர் பார்த்தார். சாப்பாடு நீண்டுகொண்டே போயிற்று, அவள் நின்றுகொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணுடைய சோறு பின்படியில் மூடி வைத்தபடி காய்ந்துகொண்டிருக்கிறது என்று பட்லர்தான் அவரிடம் சொன்னாராம். அவள் யார் என்று விசாரித்தவர் நேராகச் சாமியாரிடம் போனார். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது கதவுப் பக்கம் யார் பார்ப்பார்கள்?

புருஷனுக்குத் தெரிந்துவிடுமோ என்று அம்மா பயந்துகொண்டே இருந்தார். அவளாகச் சொல்லட்டும் என்று அப்பா காத்துக்கொண்டே இருந்தார். இப்படியே வருடங்கள் ஓடின. பட்லர் காலில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, பங்களா ஹோட்டலாகிவிட்டது, இப்போது யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் டிரசரய்யா என்று சொன்ன அன்றுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது.

"என்னைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் கூட்டிட்டுப் போறாருன்னு நெனச்சேன்," என்றார் அம்மா. "காடியில உக்காந்து வழி முழுக்க அவரத் திட்டிக்கிட்டே வந்தேன், மனசுக்குள்ள."

செபமாலை உருட்டியதை நான் பக்தி என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அன்று எனக்கு ஒன்பது வயது, இதில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அம்மா இன்னும் கட்டிலில் இருந்தார். விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்புப் பற்ற வைக்கிறவர், தலையணையில் சாய்ந்துகொண்டு, பட்லர் கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அப்பா அவர் காலடியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். கொசுவலை கட்டப்படாமல், அவிழ்த்தபடி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. என்ன அம்மா, கொண்டை போடலையா என்று கேட்டேன். இங்க வேலை பாக்கிறவங்க போட்டுக்குவாங்க என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்பதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு சங்கதி மட்டும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அப்பா சொன்ன கதையில் ஓட்டை இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்றால், உட்கார இடமில்லை என்றுதானே அர்த்தம். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் நாற்காலி போதாமல் அம்மா நின்றுகொண்டுதான் பரிமாறுவார். துரை வீட்டிலும் அன்று கூட்டமாக இருந்திருக்கும். நான் சாப்பாட்டு அறைக்குப் போய்ப் பார்த்தேன். மேசையைச் சுற்றி நாற்காலிகள். சுவரோரமாக இன்னும் ஒரு வரிசை. ஜன்னலுக்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் வேறு. பட்லரிடம் கேட்டேன், எல்லாம் துரை காலத்தவை என்றார்.

அத்தை முன்படியில் தனியாக உட்கார்ந்து, புல்தரையில் மேய்கிற மைனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் என் அறிக்கையைச் சொன்னேன். அம்மா நின்றார் என்பது பொய்யாக இருக்கும் அத்தை, இங்கே எக்கச்சக்கமாக நாற்காலி இருக்கிறது, நானே பார்த்தேன் என்றேன்.

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்தார். வழக்கமாக ஒன்று எண்ணிக் கொடுப்பவர், பொட்டலத்தை அப்படியே என் மடியில் போட்டார்.

"போதும்மா. இனிமே ஒண்ணும் பாக்க வேணாம்," என்றார்.

அதற்குப் பிறகும் அத்தை எங்கள் வீட்டில் பல வருடங்கள் இருந்தார். அம்மாவின் சம்பலில் காரம் போதாது என்பார், துவைத்த துணியில் நீலம் அதிகம் என்பார். அந்த நடுவிலிருந்த வருடங்களைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. அத்தை திடீரென்று விசாரணையை நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. அவரையும் யாரோ சரிக்கட்டிவிட்டார்கள் என்று நம்பினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காடியின் பின்சீட்டில், மடி நிறைய அசாம் போயோடு, அந்த ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன். இத்தனை நாற்காலிகள் சும்மா கிடந்த வீட்டில், ஒன்றில்கூட உட்காராமல் அம்மா எதற்காக நின்றுகொண்டிருந்தார்?